விடுப்பில் போன பார்பெரி

சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால், முறுக்கு கடிக்க எனக்கு மிச்சமிருக்கிற பற்களும் அடுத்த முறுக்கோடு போகட்டும்.

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை. சக்கரத்தைக் கண்டுபிடித்தது இன்னொன்று. அதற்குப் பிறகு சொல்லும்படியாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். பொன்னமராவதிக்குப் பக்கத்தில், சித்திரை வெயிலில், அய்யாக்கண்ணு என்ற ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் தம் வீட்டு முன்வாசலில் பனிக்காலம் உண்டாக்கினார். முதல் இரண்டும் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டன. இது இன்னும் வரவில்லை. பொறாமை.

ஊர்ப்பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எங்கள் தோட்டக்கலை மன்றம் என்மேல் வழக்குப் போடும். நானும் அதில் செயற்குழு உறுப்பினன். என்மேல் போடுகிற வழக்குக்கு நானே கையெழுத்துப் போடும்படி ஆகும்.

அய்யாக்கண்ணு வேலை பார்த்த அலுவலகத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அவர் கையில் ஒரு கோப்புகூடச் செத்ததில்லை. முடிந்ததும் இல்லை. எல்லாமே 'பரிசீலனையில்' இருந்தன. அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்ற பிறகு, மகள் பிரகதீஸ்வரியின் பிரசவத்துக்காக மனைவி உண்ணாமலையோடு ஜெர்மனிக்குப் போனார். பிள்ளை பிறந்தது. பிள்ளையை உண்ணாமலை பார்த்துக்கொண்டார். அய்யாக்கண்ணு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே, நடைபாதை ஓரமாக, முழங்கால் உயரத்தில் ஒரு செடி வரிசை. இலை ஒவ்வொன்றும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருந்தது. பார்பெரி என்று மகள் சொன்னாள். ஜப்பானில் பிறந்து அங்கே குடியேறிய முள்செடி. குளிர் வந்ததும் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாய் நிற்குமாம். வசந்தம் வந்தால் மறுபடி துளிர்க்குமாம்.

வருஷத்தில் நாலைந்து மாதம் வேலையே பார்க்காமல் நின்றுவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து பொறுப்பேற்றுக்கொள்கிற ஒரு ஜீவனை, அலுவலகத்துக்கு வெளியே அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சொந்தக்காரனைப் பார்த்தது போல் ஆகிவிட்டது.

உண்ணாமலையும் அதே ஜன்னல் வழியாக அதே செடியைப் பார்த்தார்.

"இது இங்கிட்டு வேலிதானுங்க. நம்ம வீட்டுப் பின்னாடி நிக்கிற கிளுவ மாதிரி. அதப் போயி எதுக்கு மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

கிளுவை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து முள்வேலி அதுதான். குச்சியை முறித்து ஊன்றினால் வளரும். தண்ணீர் கேட்காது. வெயில் ஏறினால் இலையைக் கொட்டும், மழை விழுந்தால் துளிர்க்கும். ஆட்டுக்குத் தீவனம், பாம்புக்கு வீடு, அடுத்த வீட்டுக்காரனுக்கு எல்லை. அய்யாக்கண்ணு வீட்டுப் பின்வாசலில் அவருடைய பாட்டனார் ஊன்றிய கிளுவை வேலி நின்றது. அவர் ஒருநாளும் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. வேலியின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? வேலிக்கு அங்கிட்டு என்ன நடக்கிறது என்றுதான் பார்ப்போம்.

ஊர் திரும்பியவர் இரண்டு சாமான்களை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தார். ஒன்று, ஒரு கம்பளிச் சட்டை. இன்னொன்று, ஏக்கம். சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் சாப்பிட்டார். கடைசியில் மகள்தான் இரங்கினாள். அய்யாக்கண்ணுவின் அக்கா மகன் மதுரைவீரன் ஜெர்மனியில் அவள் இருக்கிற அதே ஊரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். மாசியில் குலசாமிக்குக் கிடா வெட்ட ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு பார்பெரி கொடுத்தனுப்புகிறேன் என்றாள்.

மதுரைவீரன் வந்தான். முன்வாசலில் மாலையும் கையுமாக அய்யாக்கண்ணு காத்திருக்க, அவன் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தான். அங்கிட்டுத்தான் பஸ் நிற்கிறது என்றான். கையில் ஜெர்மன் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், முழங்கை நீளத்தில் முள்ளும் கணுவுமாக ஒரு குச்சி. இலை இல்லை. கழுத்தில் ஒரு அட்டை. அட்டையில் வெளிநாட்டு எழுத்தில் பெயரும், சிவப்பு இலையோடு ஒரு படமும் இருந்தன.

"எலை இல்லன்னு நெனைக்காதீங்க மாமா. அது இப்பத் தூங்குது."

"வேரு எங்கடா?"

மதுரைவீரன் குச்சியின் அடியைச் செய்தித்தாளால் மூடினான்.

"அங்கெல்லாம் இப்ப வேர் இல்லாமத்தான் மாமா வருது. புது முறை."

அய்யாக்கண்ணுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேரே இல்லாமல் வளர்கிற அளவுக்கு ஒரு நாடு முன்னேறியிருக்கிறதே. காப்பி சாப்பிடச் சொன்னார். மதுரைவீரன் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வந்த வழியே போய்விட்டான். போகும்போது வேலியைத் திரும்பிப் பார்த்ததாக உண்ணாமலை சொன்னார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

முன்வாசலில் நல்ல வெயில் விழுகிற இடத்தில் உண்ணாமலையின் சுண்டைச்செடி நின்றது. கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதன் வத்தல் ஜெர்மனிவரை போயிருக்கிறது. அய்யாக்கண்ணு அதைப் பிடுங்கினார். உண்ணாமலை மருந்து வாங்கப் பொன்னமராவதிக்குப் போயிருந்த நேரம் அது. வீரச்செயல்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்தில்தான் நடக்கின்றன. குழி வெட்டி, செம்மண்ணும் ஆட்டு எருவும் போட்டு, குச்சியை ஊன்றி, அட்டைக்கு லேமினேஷன் செய்து கட்டி, சுற்றிலும் இரும்பு வலை அடித்தார். திரும்பி வந்த உண்ணாமலை குழியைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், வாடிக் கிடந்த சுண்டையைப் பார்த்தார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. மறுநாளும் இல்லை.

செய்தி மன்றத்துக்கு எட்டியது. தலைவர் தமிழ்செல்வன் உரக்கடை வைத்திருப்பவர். எதையும் திட்டமிட்டுச் செய்கிறவர். திட்டம் இல்லாவிட்டால் செய்யவே மாட்டார். பஜ்ஜியோடு சிறப்புக் கூட்டம் கூட்டி, அய்யாக்கண்ணு வீட்டிலேயே 'நேரடிக் கள ஆய்வு' நடத்தினார். குச்சியை ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றி நடந்து பின்வாசலுக்குப் போய், கிளுவை வேலியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அண்ணே, மின்னாடி ஜெர்மனி. பின்னாடி இப்படி ஒரு காட்டு முள்ளு. வெளியூர்க்காரன் பாத்தா என்ன நெனைப்பான்?"

எங்கள் எல்லோருக்கும் சுருக்கென்றது. வெளியூர்க்காரன் என்ன நினைப்பான் என்று நினைத்துத்தான் நாங்கள் உள்ளூரில் எல்லாக் காரியங்களையும் செய்கிறோம். அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. முள்வேலி என்பது பின்தங்கிய மனநிலையின் அடையாளம். அது அயல்நாட்டுத் தாவரத்தின் மனத்தைப் புண்படுத்தும். ஆகவே உறுப்பினர்கள் அனைவரும் தத்தம் வேலிகளை உடனடியாக அகற்றி 'திறந்த வெளி எழில் ஊர்' திட்டத்துக்கு ஒத்துழைக்க வேண்டும். நான் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தேன். ஒரு கையில் பஜ்ஜி இருந்ததால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மண் அள்ளும் இயந்திரம் வந்தது. என் தகப்பனார் ஊன்றிய வேலி, நான் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டது. கைதட்டினேன். அய்யாக்கண்ணு வீட்டு வேலிதான் கடைசி. முள்ளும் குச்சியுமாக லாரியில் ஏறிப் போனபோது அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பார்பெரிக்குத் தூசு படாமல் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்ணாமலை மட்டும் லாரி போன வழியையே பார்த்துக்கொண்டு, இனிமேல் இந்த ஊரில் ஆடு எது, ஆள் எது என்று தெரியாது என்றார். அவருக்கு எழில் பற்றிய பயிற்சி இல்லை.

அவர் சொன்னது ஒரு வாரத்தில் நடந்தது. வேலி போன செய்தி ஆடுகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் ஆடுகளிடம் ஒரு நல்ல குணம், ஒரு திட்டம் வந்தால் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும். என் வீட்டுக் கத்தரி போயிற்று. தமிழ்செல்வனின் கொய்யாக் கன்றுகள் போயின. அய்யாக்கண்ணு வீட்டில் அடுப்படி வரைக்கும் வந்து ஒரு வெள்ளாடு அரிசியைத் தின்றுவிட்டு, போகும்போது நாட்காட்டியில் இரண்டு மாதத்தையும் தின்றுவிட்டுப் போனது. ஊரில் மிச்சமிருந்த ஒரே செடி இரும்பு வலைக்குள் இருந்த பார்பெரிதான். அதில் தின்ன ஒன்றும் இல்லை.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. குச்சி குச்சியாகவே நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் மாடு செத்தாலும் சரி, காய்த்துக்கொண்டிருந்த தென்னை பட்டுப்போனாலும் சரி, அக்கம்பக்கத்தார் போய் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வர வேண்டும். போகாவிட்டால் நாளைக்கு நம் வீட்டு மாட்டுக்கு ஆள் வராது. முதலில் எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, வலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எப்பண்ணே ஆச்சு?"

"எது?"

"செடிதாண்ணே. நல்லா இருந்துச்சேன்னு சொல்லி அழக்கூட முடியல. வந்ததுலேருந்து இப்படியேதான் இருந்துச்சு."

"அது சாகலம்மா. இலையுதிர் செடி. விடுப்புல இருக்கு."

பிச்சையம்மாள் அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாண்ணே. கல்யாணம் ஆனதுலேருந்து விடுப்புலதான் இருக்காரு. ஆனா அவரு சோறு திங்கிறாரு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் வாழைப்பழச் சீப்போடு வந்தார். கறம்பக்குடியிலிருந்து ஒரு சொந்தக்காரர், தகவல் பாதிதான் போய்ச் சேர்ந்ததால், கையில் கோடித்துணியோடு இறங்கினார். அய்யாக்கண்ணு பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு பலகை எழுதி வலையில் கட்டினார்: 'இச்செடி இறக்கவில்லை. பருவ விடுப்பில் உள்ளது. துக்கம் விசாரிக்க வருவோர் வசந்தத்தில் வரவும்.'

அதைப் படித்துவிட்டு, ஈட்டிய விடுப்பா, மருத்துவ விடுப்பா என்று விசாரிக்க ஒரு கூட்டம் வந்தது.

அன்று சாயந்திரம் உண்ணாமலை பேசினார். குழம்பில் உப்பு வர ஆரம்பித்திருந்த சமயம். அதனால் அய்யாக்கண்ணு கவனமாகக் கேட்டார்.

"வைகாசி முடியட்டும். அதுக்குள்ள துளிர் விட்டுச்சுன்னா, இது செடிதான்னு மன்றத்துக்காரங்க மின்னாடி என் வாயால சொல்றேன். விடலேனா அந்தக் குழி எனக்கு. என் சுண்டைய வச்சுக்கிறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டு மண்ணுல நீங்க கை வைக்கக் கூடாது. தண்ணி ஊத்துறதுகூட நாந்தான்."

சிரிக்காதீர்கள். ஓய்வுபெற்ற ஆளுக்கு மிச்சமிருக்கிற ராஜ்யம் முன்வாசல் ஒன்றுதான். வீட்டுக்குள்ளே என்ன வாங்குவது, எங்கே வைப்பது, யாருக்கு எப்போது போன் போடுவது எல்லாம் வேறு நிர்வாகத்தில் போய் நாளாகிவிட்டது. டி.வி. ரிமோட் எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. காலையில் எழுந்ததும் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, இது என் பொறுப்பு என்று பார்க்க அந்த ஒரு குழிதான். அதுவும் போனால் அவர் ரேஷன் கடை வரிசையில் நிற்பதற்கென்று வைத்திருக்கிற ஆள். அவ்வளவுதான். அய்யாக்கண்ணு ஒப்புக்கொண்டார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ராத்திரியெல்லாம் போனில் தேடிப் படித்தார். விஷயம் விளங்கிவிட்டது. பார்பெரி துளிர்க்க வேண்டுமானால் அதற்கு முன் ஒரு குளிர்காலம் கடந்திருக்க வேண்டும். குச்சி வந்து இறங்கியதோ மாசி வெயிலில். ஆக, குற்றம் செடியிடம் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் குளிர்காலம் இன்னும் அமலுக்கு வரவில்லை. அய்யாக்கண்ணு தாமே அமல்படுத்த முடிவு செய்தார்.

ஐஸுக்கு மீன் சந்தையை விட்டால் வழி இல்லை. வியாபாரம் முடிந்ததும் பெட்டியில் மிஞ்சுகிற ஐஸை வாளியில் வாங்கிவந்து, குச்சியைச் சுற்றிக் கொட்டினார். நனைந்த சாக்கைக் கட்டி, எதிரே ஃபேனை வைத்தார். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஐஸுக்குள் காலையிலிருந்து வஞ்சிரமும் சங்கராவும் படுத்திருந்தன. தெருப்பூனைகள் எல்லாம் வந்து வலையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டன. மன்றத்தின் குறிப்பேட்டில் தமிழ்செல்வன் எழுதினார்: 'பார்பெரி பூனைகளை ஈர்க்கும் தன்மையுடையது.'

வெயிலுக்கு முன்னால் ஐஸ் நிற்கவில்லை. அப்போதுதான் அய்யாக்கண்ணுவுக்கு அந்த ஞானம் பிறந்தது. உண்மையிலேயே குளிர வேண்டும் என்பதில்லை. செடி நம்பினால் போதும்.

மறுநாள் உச்சி வெயிலில், தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற நேரத்தில், அவர் ஜெர்மனிக் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு செடிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். செடி பார்க்கிற மாதிரி கைகளைத் தேய்த்துக்கொண்டார். மன்றம் சார்பில் 'குளிர் கண்காணிப்புக் குழு' அமைக்கப்பட்டது. அதன் ஒரே உறுப்பினன் நான். ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுங்கவும் வேண்டும் என்றார். நடுங்கினோம். மஞ்சப்பையோடு தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது என்று உண்ணாமலையிடம் போய்ச் சொன்னார்கள். உண்ணாமலை இரண்டு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தார். குளிர்காலத்தில் மோர் குடித்தால் செடிக்குச் சந்தேகம் வரும் என்று அய்யாக்கண்ணு மறுத்துவிட்டார். நான் போர்வைக்குள் வைத்துக் குடித்தேன்.

பிரகதீஸ்வரி வீடியோவில் வந்தாள். அங்கே எல்லாம் துளிர்த்துச் செக்கச் சிவந்துவிட்டது, அங்கிட்டு எப்படிப்பா என்று கேட்டாள். அய்யாக்கண்ணு போனை ஒரு நொடி செடியின் பக்கம் திருப்பி, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். அப்புறம் வெகுநேரம் குல்லாவைக் கழற்றவில்லை. குல்லாவுக்குள் அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவன் பார்த்ததையெல்லாம் எழுதக் கூடாது.

வைகாசி பாதியில் ஒரு சாயந்திரம், புழுதியைக் கிளப்பிக்கொண்டு கோடை மழை வந்தது. அரை மணிதான். ஆனால் வாசல் நிறைந்து தெருவில் ஓடுகிற மழை. அது விட்ட சில நாளில், ஒரு விடிகாலையில், அய்யாக்கண்ணு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

குச்சியின் கணுக்களில் பச்சைப் புள்ளிகள். அடுத்த நாள் புள்ளிகள் இலையாகின. ஒரு காம்புக்கு மூன்று மூன்றாகச் சின்ன இலை.

மன்றம் ஓடிவந்தது. அட்டைப் படத்தில் சிவப்பு, செடியில் பச்சை என்று ஒருவர் கேட்டார். வெயிலூர்களில் சிவப்பு ஏறாது, விமானக் களைப்பும் இருக்கிறது என்று அய்யாக்கண்ணு விளக்கினார். தமிழ்செல்வன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இத எங்கயோ பாத்தாப்புல இருக்கே."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எல்லோருக்கும் இருந்தது. நாக்கு நுனியில் ஒரு பெயர் நின்றது. ஆனால் எதையும் ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்பது மன்றத்தின் விதி. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய செடி ஊரில் ஒரு குச்சிகூட மிச்சமில்லை. அதற்கும் தீர்மானம் போட்டிருந்தோம். ஆகவே, 'பார்த்தாற்போல் இருப்பது இத்தாவரத்தின் எளிமையைக் காட்டுகிறது' என்று பதிவு செய்து கலைந்தோம்.

நாட்காட்டி தின்ற அதே வெள்ளாடு அன்று மத்தியானம் வந்தது. வலையின் மேல் காலை ஊன்றி, கழுத்தை நீட்டி, முள் படாமல் உதட்டால் இலையை மட்டும் வாங்கித் தின்றது. வழக்கமான கடையில் வழக்கமான டீ குடிக்கிற ஆள் மாதிரி. பார்பெரியை ஆடு தொடாது என்று போனில் போட்டிருந்தது. இந்த ஆடு அதைப் படித்திருக்காது என்றார் அய்யாக்கண்ணு. ஆனால் அதை அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

துளிர்த்ததைக் கொண்டாட மன்றம் வைத்த விழா நாள் வந்தது. பந்தல், ஒலிபெருக்கி, கேசரி. அய்யாக்கண்ணு கம்பளிச் சட்டையிலேயே நின்றார். தமிழ்செல்வன் செடிக்குப் பொன்னாடை போர்த்தினார். செடி அதைத் திருப்பித் தரவில்லை. எடுக்கப் போனதில் பாதி கிழிந்து முள்ளோடு நின்றுவிட்டது. புகழுரைகள் முடிந்து, எல்லோரும் உண்ணாமலையைப் பார்த்தார்கள். பந்தயம் ஊருக்கே தெரிந்திருந்தது.

உண்ணாமலை வலைக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு இலையைக் கிள்ளினார். இரண்டு விரலால் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். ஒலிபெருக்கிகூட இரையாமல் நின்றது. பிறகு அவர் கணவரைப் பார்த்தார். சித்திரையும் வைகாசியும் கம்பளிக்குள் வெந்து, கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு, கடைசிக் கையெழுத்துக்காக நிற்கிற விண்ணப்பதாரர் மாதிரி அவர் நின்றார்.

"துளிர்த்துருச்சு. ஒத்துக்கிறேன். இது செடிதான்."

கைதட்டல் அடங்கும்வரை உண்ணாமலை இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. பின்னாடி வேலி இல்லாம ஊரு ஆடெல்லாம் அடுப்படிக்கு வருது. இது வளந்ததும் நாலு குச்சி முறிச்சுத் தாங்க. அங்கிட்டு ஊண்டிக்கிறேன்."

"இது ஜெர்மனிச் செடி. குச்சி ஊண்டுனா எப்படி வரும்?" என்றார் அய்யாக்கண்ணு.

"வரும். இது வரும்."

சொல்லிக்கொண்டே கசக்கிய இலையைக் கணவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

அய்யாக்கண்ணு கையைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வேலியைத் தாண்டி ஓடிய நாளெல்லாம் காலில் கீறிய வாசனை அது. கால்சட்டையில் ஒட்டி, வீட்டில் காட்டிக்கொடுத்து, அடி வாங்கித் தந்த வாசனை. எனக்கும் எட்டியது. மேடையில் இருந்த எல்லோருக்கும் எட்டியிருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கேசரி பரிமாற ஆரம்பித்திருந்தார்கள்.

"ஒங்க அம்மா... உண்ணாமலை சொன்னா வரும்" என்றார் அய்யாக்கண்ணு ஒலிபெருக்கியில். மகளிடம் பேசுகிறோமா, ஊரிடம் பேசுகிறோமா என்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை. பிறகு கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து, நாற்காலியில் வைத்தார்.

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு முன்வாசலில் நின்றார். பார்பெரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டிக்கொண்டிருந்தார். சுண்டைக்கு இந்த ஆழம் போதுமா என்று உள்ளே பார்த்துக் கேட்டார். கேட்டு வெட்டுகிற பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பம். போதும் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கூடவே, தண்ணி நீங்களே ஊத்துங்க, எனக்கு இடுப்பு வலிக்குது என்றும் வந்தது.

இரண்டு ஆடி மாதங்கள் போய்விட்டன. அய்யாக்கண்ணு வீட்டுக் குச்சியிலிருந்து முறித்த குச்சிகளும், அந்தக் குச்சிகளிலிருந்து முறித்த குச்சிகளுமாக, மன்றத்தின் 'வீட்டுக்கு வீடு பார்பெரி' திட்டம் முழு வெற்றி பெற்றிருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்தால் பாருங்கள். எந்த எல்லையில் முன்பு காட்டு முள் நின்றதோ, அதே எல்லையில் இன்று அயல்நாட்டு முள் நிற்கிறது. வெயிலுக்கு இலையைக் கொட்டுகிறது. மழைக்குத் துளிர்க்கிறது. ஆடு தின்கிறது, ஆனால் உள்ளே வருவதில்லை. வேலிக்கு வேலி லேமினேஷன் செய்த அட்டை தொங்குகிறது. கிளுவையை ஒழித்துப் பார்பெரியை இந்த மண்ணுக்குப் பழக்கிய சாதனைக்காக மன்றம் விருதுக்கு விண்ணப்பித்திருக்கிறது. விண்ணப்பத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. விருது கிடைத்தால், அந்த மேடையிலும் ஒரு சூடம் கொளுத்திச் சத்தியம் செய்ய நான் தயார்.

பதிவுக்காக ஒரு விவரம் மட்டும். பிரகதீஸ்வரி கொடுத்தனுப்பிய பார்பெரியை, உரிய சான்று இல்லையென்று விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள். மதுரைவீரன் மாமா வீட்டுப் பின்வாசலுக்கு வந்தபோது அவன் கையில் செய்தித்தாளும் அட்டையும்தான் இருந்தன, குச்சியை அவன் முறித்தது அந்த வேலியில்.